அக்காவின் பெயரில் போன படம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் 'அசையாதக்கா'. ஒரு நாளைக்கு எத்தனை தலைகள் ஸ்கேன் மெஷினின் வளையத்துக்குள் போகின்றனவோ அத்தனை தடவை "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே அவள்மேல் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அது விடாது. கணவர் கண்ணாடி முன் நின்று முகச்சவரம் செய்தால் அடுப்படியிலிருந்தே "அசையாதீங்க" என்று குரல் வரும். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். "உன் பேச்சைக் கேட்டா நான் வண்டிய நிறுத்தியேதான் ஓட்டணும்" என்பார்.

ஸ்கேன் அறை எப்போதும் ஜில்லென்று இருக்கும். மெஷினுக்கு வியர்க்கக் கூடாதாம், மனுஷனுக்கு விறைத்தால் பரவாயில்லையாம். அதனால் வெளியே மண்டை பிளக்கிற வெயிலிலும் அக்கா சாம்பல் நிற ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருப்பாள். புதிதாக வருகிற நோயாளிகள் இவளுக்கே காய்ச்சல் போலிருக்கிறது என்று பாவமாகப் பார்ப்பார்கள்.

படுத்திருப்பவரின் தலைக்கு இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சுத் துண்டு செருகுவாள். நெற்றியில் பட்டை கட்டுவாள். பிறகு குனிந்து காதோரம் கேட்பாள்: "எங்கயாச்சும் அரிக்குதா? இப்பவே சொல்லுங்க, சொறிஞ்சு விட்டுடறேன். அப்புறம் மூக்கு மேல ஈ உக்காந்தாலும் சொந்தக்காரன் வந்திருக்கான்னு நினைச்சுக்குங்க, விரட்டக் கூடாது." பாதி உயிர் போனவர்கள்கூட அதற்குச் சிரித்ததுண்டு. பதினெட்டு வருஷத்தில் அவள் கையிலிருந்து போன படத்தைப் பார்த்து "சரியில்லை, திரும்ப எடுங்க" என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லாதவள். பெருமைப்பட்டுக்கொள்ள அந்த ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

அக்கா சேர்ந்த அதே நாளில் அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவள் பம்பரம். ஒல்லி, உயரம், நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். எக்ஸ்ரே அறைக்கும் ஸ்கேன் அறைக்கும் நடுவே சுற்றிச் சுற்றி ரெண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாக முடிப்பாள், பெயர் அப்படி வந்தது. அக்காவின் மகளுக்கு ஒரு தடவை ஒன்பது நாள் காய்ச்சல் இறங்காமல் அடித்தபோது, ஒன்பது நாளும் அக்காவின் முறையையும் சேர்த்துப் பார்த்தது பம்பரம்தான். கேட்டதற்கு, "உன் பொண்ணு என் பொண்ணு இல்லையாடி, லூசு" என்று தலையில் ஒரு தட்டு தட்டினாள். அதற்குப் பிறகு அக்கா பம்பரத்தைப் பற்றி யார் குறை சொன்னாலும் காதில் வாங்குவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது மெஷின் வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்காகவே அதில் ஒரு வித்தை இருந்தது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கிற பகுதி முழுவதும் ஒரேயடியாகச் செத்துவிடாது. நடுவில் கொஞ்சம் போய்விடும். சுற்றி இருப்பது பட்டினி கிடந்தபடி உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். எவ்வளவு போயிற்று, எவ்வளவு காத்திருக்கிறது என்று சாதாரண ஸ்கேன் சொல்லாது. புது மெஷினில் கைநரம்பு வழியாகச் சாயமருந்தை ஏற்றி, அது மூளைக்குள் வந்து போவதை ஒரு நிமிஷம் தொடர்ந்து படம் பிடித்தால், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வண்ணப் படம் ஒன்றைத் துப்பும். சிவப்பு என்றால் போனது போனதுதான். பச்சை என்றால் இன்னும் காப்பாற்றலாம். பச்சை நிறைய இருந்தால் நோயாளியை ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே தொடை வழியாகக் கம்பி விட்டு அடைப்பை இழுத்து எடுத்துவிடுவார்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரம் வரைக்கும்தான் அந்த யோகம்.

இந்தக் கம்ப்யூட்டருக்குப் புத்தி இருக்கிற அளவுக்கு வெட்கம் கிடையாது. நோயாளி நடுவில் தலையை ஆட்டிவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். ஆனால் அது தப்பான கணக்குக்கும் அழகாக வண்ணம் அடித்து நீட்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, படத்துக்குப் பக்கத்தில் வருகிற சின்னக் கோட்டைப் பார்ப்பது. சாயம் வந்து போனதற்கு அடையாளமாக அந்தக் கோடு ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும். ரம்பப் பல்லாக இருந்தால் படத்தை நம்பக் கூடாது. அதைப் பார்த்த பிறகுதான் 'அனுப்பு' பொத்தானை அமுக்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரகசிய எண் உண்டு. யார் எண்ணில் படம் போகிறதோ அவர்தான் அதற்குப் பொறுப்பு. ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழைவதற்கு மெஷின் நாலு நிமிஷம் யோசிக்கும். பக்கவாத நோயாளி வாசலில் கிடக்கும்போது நாலு நிமிஷத்துக்கு யார் காத்திருப்பது? அதனால் காலையில் அக்கா தன் எண்ணைப் போட்டால் அது சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும், யார் எடுத்தாலும் அக்கா பெயரில்தான் படம் போகும். மேலே உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் வரைக்கும் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதும் எல்லாருக்கும் பழகியிருந்தது.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு அக்காவின் போன் அலறியது. பக்கத்து வீட்டுக்காரி. அக்காவின் கணவர் குளிக்கப் போன இடத்தில் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டதாம். ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி "காப்பாத்துங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறாராம். இடுப்பில் துண்டு மட்டும்தானாம். பக்கத்து வீட்டு ஆண்கள் யாரும் இல்லையாம், வீட்டுக் கதவோ பூட்டியிருக்கிறதாம், மாற்றுச் சாவி அக்காவிடம்.

பம்பரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போடி, போ. முதல்ல உன் மாப்பிள்ளைய வெளிய எடு. ஸ்கூல் விடற நேரத்துல வேன்காரரு துண்டோட நின்னா எத்தனை பிள்ளைங்க தெருவுல நிக்கும்? இங்க நான் பாத்துக்கறேன்."

"எழுதிக் குடுத்துட்டுப் போகட்டுமா?"

"எதை? புருஷன் பாத்ரூமில் மாட்டிக்கொண்டார், அனுமதி வேண்டுகிறேன்னா? பின்வாசல் வழியாப் போ. டூட்டி முடிய ஒன்றரை மணி நேரம்தானே இருக்கு."

அக்கா சலவைக்கூடத்துப் பின்வாசல் வழியாக ஓடினாள். எண் மெஷினிலேயே கிடந்தது.

அவள் போன இருபதாவது நிமிஷத்தில் காய்கறிச் சந்தை ஏலக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அறுபது வயசு. அவர் குரல் சந்தையில் கிளம்பினால் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். காலை ஒன்பது மணிக்கு ஏலம் முடித்து வீட்டுக்கு வந்து படுத்தவர் மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. அசதி என்று விட்டுவிட்ட மனைவி மூன்று மணிக்குப் போய் எழுப்பினால் வாய் கோணியிருந்தது, வலது கை துவண்டு கிடந்தது, பேச்சு இல்லை.

படம் எடுத்தவள் பம்பரம். படம் போனது. பெரிய ஆஸ்பத்திரியின் மூளை டாக்டர் அதைத் தன் கம்ப்யூட்டரில் பார்த்தார். இடது பக்கம் மொத்தமும் சிவப்பு. "இவ்வளவு போனதுக்கப்புறம் இங்க கொண்டு வந்து பிரயோஜனம் இல்லை. அங்கயே வெச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அக்கா வந்தாள். முந்தின நாள் படங்களையெல்லாம் டீயோடு ஒரு சுற்று பார்ப்பது அவள் வழக்கம். தாழ்ப்பாளை உடைத்த கதையைப் பம்பரத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே திருப்பியவள் ஏலக்காரர் படத்தில் நின்றாள். சிவப்பைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றாள். பக்கத்தில் இருந்த கோட்டைப் பார்த்தாள். டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

ரம்பம். மேடும் இல்லை, ஒன்றும் இல்லை. கோடு தறிகெட்டு ஓடியிருந்தது. நோயாளி தலையை ஆட்டியிருக்கிறார். ஸ்பாஞ்சும் வைக்கவில்லை, பட்டையும் கட்டவில்லை.

அக்கா மணியைப் பார்த்தாள். நேற்று காலை ஒன்பது மணிக்கு அவர் நன்றாக இருந்தார். இன்று ஒன்பது மணிக்கு இருபத்துநாலு முடிகிறது. பம்பரத்துக்குப் போன் போட்டாள்.

"அந்த ஏலக்காரர் படம் நீ பாக்காமலே அனுப்பிட்டியாடி? கோடு பூரா ரம்பமா இருக்கு."

"அந்தாளு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாருடி. வெளிய எக்ஸ்ரேக்கு பதினோரு பேரு நின்னாங்க. எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னு கத்தினாங்க..."

"சரி, விடு. இப்ப திரும்ப எடுக்கணும். எடுத்தா விஷயம் வெளிய வரும். என் பேருல போயிருக்கு."

"நீ எடு. டாக்டரைக் கூப்பிடு. யாரு கேட்டாலும் நான்தான் எடுத்தேன்னு நானே சொல்றேன். உன்னை மாட்டி விடுவனாடி நான்? பதினெட்டு வருஷம்டி."

அந்த வார்த்தையே போதும் என்று அக்கா போனை வைத்தாள்.

ஏலக்காரரை மறுபடி மேஜையில் படுக்க வைத்தார்கள். அவருக்குச் சொன்னால் புரியவில்லை. கண் மட்டும் மிரண்டு மிரண்டு சுற்றியது. அக்கா ஸ்பாஞ்சைச் செருகினாள், பட்டையைக் கட்டினாள், ஈயக்கவசத்தை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வராமல் உள்ளேயே நின்று, படம் ஓடிய அந்த ஒரு நிமிஷமும் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். கோடு ஒரே மேடாக ஏறி இறங்கியது. வண்ணப் படம் வந்தது. நடுவில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பு. சுற்றிலும் பச்சை.

மூளை டாக்டர் போனில் கத்தினார். "நேத்து சாயங்காலம் எனக்கு என்னத்தை அனுப்பினீங்க? சரி, அதை அப்புறம் பேசுவோம். இப்பவே வண்டியில ஏத்துங்க!"

எட்டே முக்காலுக்கு வண்டி பெரிய ஆஸ்பத்திரியைத் தொட்டது. அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஏலக்காரர் பிழைத்தார், கால் வந்தது, கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. இரவு முழுக்கக் காத்திருந்த பச்சையில் ஒரு பங்கு அதற்குள் சிவப்பாகியிருந்தது. முந்தின நாளே அனுப்பியிருந்தால் பேச்சும் நின்றிருக்கும் என்று மூளை டாக்டர் கடிதத்தில் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதம்தான் விசாரணையாக வந்தது.

கண்காணிப்பாளரின் அறையில் மூன்று நாற்காலி. ஒன்றில் அவர். எதிரில் அக்காவும் பம்பரமும். அவர் முன்னால் ஒரே ஒரு காகிதம், அதில் மெஷின் அடித்துக் கொடுத்த அக்காவின் எண்.

"உங்க எண்ணுலதான் போயிருக்கு."

"எண் என்னுது சார். எடுத்தது நான் இல்ல. அந்த நேரம் நான் வீட்டுக்குப் போயிருந்தேன். சொல்லாமப் போனது என் தப்புதான்."

"எதுக்குப் போனீங்க?"

"வீட்டுக்காரர் குளியலறைக்குள்ள மாட்டிக்கிட்டாரு சார். தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு."

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வராமல், எரிச்சலாக மாறியது. "இதைவிட நல்லதா ஒண்ணும் கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார். பிறகு பம்பரத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

அக்கா நிம்மதியாக மூச்சு விட்டாள். இனி பம்பரம் பார்த்துக்கொள்வாள்.

பம்பரம் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எக்ஸ்ரே ரூம்ல இருந்தேன் சார். கூட்டம் அதிகம். ஸ்கேன் ரூம்ல மேடம்தான் இருந்தாங்க."

எந்த மேடம் என்று அக்கா திரும்பிக் கதவைப் பார்த்தாள். நிஜமாகவே யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். கதவு சாத்தியிருந்தது. அப்புறம்தான் புரிந்தது. லூசு, எருமை, ஏய், வாடி, போடி என்று பதினெட்டு வருஷம் கூப்பிட்ட வாய் அது.

"ஏய்," என்றாள் அக்கா, மெதுவாக. "என்னடி சொல்ற?"

"மேடம் கொஞ்சம் டென்ஷன்ல இருக்காங்க சார்" என்றாள் பம்பரம்.

கண்காணிப்பாளர் என்னவோ கேட்டார், அக்கா என்னவோ தலையாட்டினாள். காகிதம் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள். மாடிப்படி இறங்கும்போதுதான் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை என்பது உறைத்தது. ஆறு மாசத்துக்கு ஸ்கேன் அறைப் பக்கமே வரக்கூடாது, எக்ஸ்ரேயில் உட்கார வேண்டும், பணிப்பதிவேட்டில் 'தவறான படம் அனுப்பியவர்' என்று ஒரு வரி. ஸ்கேன் அறைக்குப் பொறுப்பு பம்பரம்.

வீட்டில் கணவர் குதித்தார். "நான் வந்து சொல்றேன். துண்டோட நின்னதைத் தெருவே பாத்துச்சு."

"சும்மா இருங்க. நான் சொல்லிப் பாத்தாச்சு, சிரிப்பாத்தான் போச்சு." அப்படிச் சொன்னவள் ராத்திரிச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்திருந்தாள். கணவர் அதைச் சொல்லாமலே சாப்பிட்டு முடித்தார்.

மூன்று வாரம் எக்ஸ்ரே அறையில் மார்பும் முழங்காலுமாகப் போனது. ஸ்கேன் அறை ஒரு சுவர் தாண்டித்தான். அந்தப் பக்கம் பம்பரத்தின் குரல் கேட்கும். இருமினால்கூட யார் என்று தெரிகிற பழக்கம். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் பம்பரம் சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். ஒரு நாள் போனைத் தலைகீழாக வைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏலக்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தார். சளி கட்டியிருந்ததால் மார்பு எக்ஸ்ரே. அந்த அம்மா உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டார்: "இங்க அசையாதக்கான்னு ஒருத்தங்களாமே, எங்க?"

"நான்தாம்மா."

அந்த அம்மா மேலும் கீழும் பார்த்தார். "நீ இல்லையே."

"நான்தான்."

"பேரு உன்னுதா இருக்கும். அன்னைக்குச் சாயங்காலம் இவரைப் படம் எடுத்தது நீ இல்ல. அது ஒல்லியா, உயரமா, கால்ல சக்கரம் கட்டின மாதிரி. நான் கூடவே நிக்கறேன்னு சொன்னேன், தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திச்சு, என் விரல் நசுங்கப் பாத்துச்சு. அந்த மூஞ்சிய மறப்பனா? நீ மறுநாள் காலையில இவரு கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ. கண்ணாடி வழியாப் பாத்தேனே."

"இதை நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா? எடுத்தவங்க மேல நடவடிக்கை எடுத்துட்டோம்னு கடுதாசி வந்துச்சு. அந்த நெட்டைக்கு வேணும்னு நினைச்சுக்கிட்டேன். வாசல்ல சீட்டு குடுக்கறவங்கதான் இப்ப சொன்னாங்க, தண்டனை அசையாதக்காவுக்குன்னு."

ஏலக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவோ சொல்லத் துடித்தார். தொண்டை நரம்பு புடைத்தது. "ஒரு தரம்" என்றார் தெளிவாக. மறுபடியும் முயன்றார். "ஒரு தரம்... ஒரு தரம்..." அதற்கு மேல் வழி இல்லை. முப்பது வருஷம் வாயில் ஊறிய அந்த இரண்டு வார்த்தை மட்டும் தப்பித்திருந்தது. அவருக்கே கோபம் வந்து இடது கையால் நாற்காலியை அடித்தார்.

அக்கா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒன்பது நாள் காய்ச்சல் ஞாபகத்துக்கு வந்தது. தலையில் விழுந்த அந்தத் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பம்பரம் யாரையோ அதட்டுவது கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஐந்து மாசத்தைத் தள்ளிவிடலாம். ஆனால் இந்த மனிதரின் பேச்சைத் தின்ற படத்தின் அடியில் தன் பெயர் இருக்கிறது. இனி எத்தனை வருஷம் ஆனாலும் அந்தப் படத்தைத் திறக்கிறவர்கள் அவள் எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

"அம்மா, எக்ஸ்ரே முடிஞ்சதும் என்கூட மாடிக்கு வர முடியுமா? இப்ப சொன்னதை அங்க ஒரு தடவை சொல்லணும்."

"வராம? இவரையும் கூட்டிக்கிட்டே வரேன். பாக்கட்டும்."

கண்காணிப்பாளர் ஏலக்காரரைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்துவிட்டு அக்காவிடம், "நீங்க அனுமதியில்லாமப் போனது அப்படியேதான் இருக்கும்" என்றார். "இருக்கட்டும் சார்" என்றாள் அக்கா. "அதை நான் பண்ணினேன்."

ஒரு வாரத்தில் புது உத்தரவு வந்தது. அக்காவின் பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதினார்கள்: 'பணிநேரத்தில் வெளியேறியவர்'. ஆறு மாசம் இரண்டு மாசமானது. பம்பரத்துக்கு ஊதிய உயர்வு நிறுத்தம், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றல். எண்ணைத் திறந்தே போட்டுவைக்கிற வழக்கத்தைப் பற்றி உத்தரவில் ஒரு எழுத்துகூட இல்லை.

உத்தரவு வந்த மதியம் பம்பரம் எக்ஸ்ரே அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"காட்டிக் குடுத்துட்டியேடி."

அக்கா கையிலிருந்த எக்ஸ்ரே தட்டை மேஜையில் வைத்தாள்.

"உன் புருஷனுக்காக உன்னை அனுப்பி வெச்சேன். ரெண்டு ரூமையும் ஒத்தையா நின்னு பாத்தேன். அதுக்கு நீ எனக்குச் செஞ்சது இதுவா? சாட்சியக் கூட்டிக்கிட்டுப் போயி... பதினெட்டு வருஷம்டி. துரோகி."

அந்த வார்த்தையை நாலு வாரமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தவள் அக்கா. பம்பரம் முந்திக்கொண்டாள். வேலையில் மட்டும் இல்லை, இதிலும் அவள்தான் வேகம். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் போய் மூக்கு அடைத்துக்கொண்டது.

"நீ என்னடி சொன்ன அன்னைக்குப் போன்ல?"

"சொன்னேன். சொல்லணும்னுதான் மாடி ஏறினேன். உள்ள போனதும் பயந்துட்டேன். எனக்கும் பிள்ளைங்க இருக்கு. வேலை போயிடுமோன்னு..."

"பயந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. வாசல்லயே சொல்லியிருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்தே பயந்திருக்கலாமேடி."

பம்பரம் கழுத்துப் பட்டையிலிருந்த அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். தாழ்வாரத்தின் கடைசி வரை அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா அது தேய்ந்து மறைகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

வெளியே பெஞ்சில் ஏழு பேர் காத்திருந்தார்கள். அக்கா சீட்டைப் பார்த்து அடுத்தவரைக் கூப்பிட்டாள். குரல் வெளியே வரவில்லை. குழாயடிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி கூப்பிட்டாள்.